அறுவடை வண்டி போட்ட முடிச்சு

நாகலாபுரத்துக்காரர்களுக்கு மாடு ஓட்டும் தார்க்குச்சியைத் தவிர வேறெதையும் பிடிக்கத் தெரியாது என்பது கோவில்பட்டி மெக்கானிக் கிபாயத்துல்லாவின் தீர்மானம். அதற்கேற்ப, அவர் வந்து பார்த்தபோது நவநீதகிருஷ்ணன் புது அறுவடை வண்டியைச் சோளக்காட்டு நடுவே நிறுத்திவிட்டு முழித்துக்கொண்டிருந்தார். இந்த வருசம் அவர் அறுப்புக்குப் பெண்களைக் கூப்பிடவில்லை.

"தட்டையைக் கட்டுக்கட்டா முடிஞ்சு போடுது அண்ணாச்சி."

"வண்டிக்குக் கையா இருக்கு? காயுமுன்ன அறுத்திருப்பீரு. ஈரத் தட்டை டிரம்முல சுத்தி உருண்டு விழுது. ஒமக்கெல்லாம் எதுக்குவே வண்டி?"

பின்னால் பன்னிரண்டு கட்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும், அறுப்புக்கு வரும் பெண்கள் கட்டுவதுபோலவே, தட்டையையே முறுக்கி, நுனியை இடப்பக்கம் செருகியிருந்தது. தன்னைக் கேலி செய்ய யாரோ கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று கிபாயத்துல்லா காறித் துப்பினார். டிரம்மின் இடைவெளியைக் கூட்டிவைத்து அவரே ஒரு சுற்று ஓட்டினார். பதிமூன்றாவது கட்டு விழுந்தது.

எஞ்சினை நிறுத்தி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தோள்வரை கையை விட்டுத் துழாவினார். டிரம்மில் ஒன்றும் சுற்றியிருக்கவில்லை. கையை வெளியே எடுத்தார்.

மணிக்கட்டில் சோளத்தட்டை முறுக்கிக் கட்டியிருந்தது. வலிக்கவில்லை, ஆனால் அவிழவும் இல்லை. நுனி இடப்பக்கம் செருகியிருந்தது.

நவநீதகிருஷ்ணன் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஈரத் தட்டையா அண்ணாச்சி?"