எஞ்சின் இல்லாத வண்டியின் சூடு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய வண்டியின் கதை சொல்கிறேன்.

தூரத்துக் குளிர்நாட்டில், சஸ்காட்செவன் புல்வெளியில், ஆர்வில் என்ற கிழவரும் அவர் மனைவி மார்லிஸும் மாடு வளர்த்தார்கள். பனியில் கன்று பிறந்தால், அதைப் பிக்கப் வண்டிக்குள் கால் வைக்கும் இடத்தில் படுக்கவைத்து ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிடுவது அங்கே வழக்கம். அவர்களுடைய பச்சை வண்டி அப்படி எத்தனையோ கன்றுகளைப் பிழைக்கவைத்தது. அவர்கள் செல்லமாக வளர்த்த வெள்ளைப் பசுவும் அதில் படுத்துப் பிழைத்ததுதான். போன இலையுதிர் காலத்தில் ஆர்வில் அந்த வண்டியின் எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு, வெறும் கூட்டை மேய்ச்சல் நிலத்தில் விட்டிருந்தார்.

மார்ச்சில் ஒரு பனிப்புயல் அடித்து ஓய்ந்தது. போய்ப் பார்த்தால் நிறைசினையாயிருந்த வெள்ளைப் பசுவின் வயிறு ஒட்டியிருந்தது. கன்றைக் காணோம்.

"இந்தக் குளிர்ல எங்க பிழைச்சிருக்கும், மார்லிஸ்?"

"வாயைக் கழுவு கிழவா. முதல்ல தேடு."

பசு முன்னால் நடந்து பச்சை வண்டியருகே நின்றது. கண்ணாடிகளில் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. சாத்தியிருந்த கதவை ஆர்வில் திறந்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. கால் வைக்கும் இடத்தில் கன்று ஈரம் காய்ந்து படுத்திருந்தது.

ஆர்வில் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சின் இருந்த இடத்தில் ஓர் எலிக்கூடுதான் இருந்தது.

"இதைப் போய் வித்துத் தின்னேனே, மார்லிஸ்."

"அப்புறம் அழுதுக்கலாம். மூடுய்யா, அதுக்குக் குளிரும்."

மார்லிஸ் தன் சால்வையை பானெட்டின்மேல் போர்த்தினாள். பசு கன்றின் முகத்தை நக்கியது. பிறகு திரும்பி, வண்டியின் முகத்தையும் அதேபோல் மெல்ல நக்கிக்கொடுத்தது.

எவ்வளவு பனி கொட்டினாலும் உங்கள் வீட்டில் ஒரு மூலை கதகதப்பாகவே இருக்கட்டும், கண்ணுகளா.