மூலை மழுங்கிய அலை

மூன்றாவது கெபாசிட்டரைச் சால்டர் செய்துவிட்டு அவள் சுவிட்சை நோக்கி விரலை நீட்டினாள்.

மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அமுதினிக்கு ஆறு வயது. மிக்ஸி ஆகாது, குக்கர் விசில் ஆகாது. எல்லாவற்றையும்விட மோசம் காலிங் பெல். ஒருமுறை அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அரை நாள் வெளியே வரமாட்டாள். அதனால் இரண்டு வருடமாக இந்த வீட்டில் பெல் இல்லை. வருகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

அன்று கழற்றி வைத்த பெல்தான் இப்போது மேசையில் இருந்தது. அதிலிருந்து வருவது சதுர அலை. அலையை வரைந்து காட்டும் ஸ்கோப் திரையில் பார்த்தால் மதில் சுவர்போலச் செங்குத்தாக ஏறும், செங்குத்தாக இறங்கும். அந்தக் கூர்மைதான் காதைக் குத்துகிறது. குறுக்கே ஒரு கெபாசிட்டரைப் போட்டால் மூலைகள் மழுங்கும்.

பாலிடெக்னிக்கில் பதினோரு வருடமாக அவள் நடத்தும் பாடம்தான். வீட்டில் மட்டும் பலிக்கவில்லை.

முதலில் போட்டது சிறியது. ஒலி இன்னும் கீறியது.

அடுத்தது பெரியது. திரையில் அலை அழகாக வளைந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் சத்தம் சமையலறை வரைகூட எட்டவில்லை. அதைப் பெல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இது இரண்டுக்கும் நடுவில்.

அவள் இன்னும் சுவிட்சைத் தொடவேயில்லை. மகளின் கைகள் மட்டும் காதில் இருந்தன.

அப்போதுதான் உறைத்தது. குழந்தை பொத்துவது ஒலியைக் கேட்டு அல்ல. அம்மாவின் விரலைப் பார்த்து.

இப்படியே போனால் கடையிலுள்ள அத்தனை கெபாசிட்டரையும் போட்டாலும் விடை கிடைக்காது.

ஸ்கோப்பை அணைத்தாள். சுவிட்சைக் கம்பியோடு எடுத்து மகளின் மடியில் வைத்தாள்.

"நீயே அமுக்கு பாப்பா. இஷ்டமிருந்தா அமுக்கு."

வெங்காயம் நறுக்கப் போனாள். இரண்டு நறுக்கி முடித்தாள். சத்தமே இல்லை.

பிறகு கேட்டது. தவில்காரர் விரலால் லேசாகத் தட்டிப் பார்ப்பதுபோல, மெத்தென்று.

எட்டிப் பார்த்தாள். ஒரு கை சுவிட்சில். ஒரு கை காதில். இன்னொரு காது திறந்திருந்தது.

மறுபடியும் ஒலித்தது. காதிலிருந்த கையும் கீழே இறங்கியது.

அவளுக்கு வெங்காயத்தின்மேல் பழிபோட வசதியாக இருந்தது.

மாலைக்குள் பெல் வாசலில் ஏறிவிட்டது.

ஆறரைக்கு அவள் கணவன் ஞானசேகர் வந்தான். பழக்கதோஷம், வாசலில் நின்று மிஸ்டு கால் கொடுத்தான்.

அமுதினி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அவனை உள்ளே விடவில்லை.

"அப்பா, நீ பெல் அடி."

அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

உள்ளே நின்று, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.