மண் காயும் ஞாயிறு

ஞாயிறு விடிந்தால் போதும், வயலில் ஈரம் பார்க்கும் சென்சாரைப் பிடுங்கித் துடைத்து வெயிலில் போட்டுவிடுவார் பெரியவர். அரை மணியில் வெளிநாட்டிலிருக்கும் மகன் கூப்பிடுவான்.

“அப்பா, மண்ணு காஞ்சிருக்குன்னு போன்ல காட்டுது. தண்ணி விடுங்க.”

“விடறேன்ப்பா. நீ சாப்பிட்டியா?”

வாரம் முழுக்க அவரிடம் யாரும் பேசுவது அவ்வளவுதான். பிள்ளையை ஏமாற்றுகிறோமே என்று மனசு உறுத்தும்.

ஒரு சனிக்கிழமை, சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் சென்சாரைத் திறந்து பார்த்தார். “பேட்டரி செத்து ஆறு மாசமாச்சுங்க. இதுலேர்ந்து எந்தத் தகவலும் போயிருக்காது. புதுசு போடட்டுமா?”

பெரியவர் சென்சாரை வாங்கி மூடி, பழைய இடத்திலேயே நட்டார். “இருக்கட்டும்.”

மறுநாள் அவர் அதைத் தொடவே இல்லை. போன் அடித்தது.

“அப்பா, மண்ணு காஞ்சிருக்குன்னு காட்டுது.”

முழங்கால் சேற்றில் நின்றபடி பெரியவர் சொன்னார்:

“ஆமாப்பா. ரொம்பக் காஞ்சு போச்சு.”