தம்பியை அழைத்துவரப் போனவள்

கண்ணாடிக் கதவு விலகியதும் தம்பி வெளியே வந்தான்.

நெற்றியில் முடி கொஞ்சம் ஏறியிருந்தது. மற்றபடி அதே நடை. தன்னைக் கூட்டிப்போக ஆள் வந்திருக்கும் என்று நம்புகிறவனின், அவசரமே இல்லாத நடை.

அவள் கையைத் தூக்கினாள். பாதியிலேயே இறக்கிக்கொண்டாள்.

அவன் பார்வை கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டு வந்தது. அவள்மேலும் பட்டது. நிற்காமல் அடுத்தவரிடம் போனது.

அவன் தேடியது, படிக்கப் போனபோது வழியனுப்பிய ஒல்லி அக்காவை. அதன்பிறகு அவளை அவன் பார்த்ததே இல்லை. வீடியோவில் கூப்பிட்டால் கேமரா ரிப்பேர் என்பாள். படம் கேட்டால் பழையதை அனுப்புவாள். ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. குரல் மட்டும் போதும். உடம்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

இன்று மனசு கேட்கவில்லை. இருப்பதிலேயே தொளதொளப்பான சட்டையைப் போட்டு, முகக்கவசத்தைக் கண்வரை இழுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். அவனுக்குப் பிடித்த சாக்லேட் கேக்கும் வாங்கிக்கொண்டாள்.

விமானம் தாமதம் என்று பலகையில் பார்த்தபோது அந்தப் பழைய படபடப்பு ஆரம்பித்தது. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஒரு வாய் என்றுதான் பெட்டியைத் திறந்தாள். எப்போதும் அப்படித்தான் திறப்பாள். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. ருசிகூடத் தெரியவில்லை. காலிப் பெட்டியை மடித்துக் குப்பைக்குள் அமுக்கினாள். கண்ணாடியைப் பார்க்காமலே கை கழுவினாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

இப்போது தம்பி தள்ளுவண்டியோடு நேராக அவளை நோக்கியே வந்தான்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்கக்கா."

தெருவில் போகிற யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிடுகிற அக்கா. வீட்டில் அவளிடம் அவன் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

தள்ளிக்கொண்டாள். அவன் அவளைக் கடந்து, பக்கத்துத் தூணோரம் நின்று போனை எடுத்தான். அவள் கையில் போன் அதிர்ந்தது.

முதுகைக் காட்டிக்கொண்டு எடுத்தாள். "வர முடியலடா. காலையிலேருந்து காய்ச்சல். எழுந்திரிக்கவே முடியல, படுத்தே கிடக்கேன்."

அவளுக்குப் பின்னால் தள்ளுவண்டியின் சக்கரம் ஒருமுறை கிறீச்சிட்டு நின்றது. அவள் திரும்பவில்லை.

பிறகு தம்பியின் குரல், கொஞ்சம் கம்மலாக.

"சரிக்கா. நான் இங்க ஒரு காபி குடிச்சிட்டு வரேன். நீ மெதுவா வீட்டுக்குப் போ."

வைத்துவிட்டான்.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள். கூட்டத்தில் புகுந்து வெளியே வந்து, கிடைத்த டாக்சியில் ஏறினாள். விமான நிலையத்தின் விளக்குகள் பின்னால் மறைந்த பிறகுதான் அவன் சொன்னது உறைத்தது.

வீட்டில் படுத்துக் கிடப்பவளிடம் யாராவது வீட்டுக்குப் போ என்பார்களா?