புதுச் சதை

காலை வெயில் கட்டுப்போடும் அறையின் மேசையில் நீளமாக விழுகிறது. தையல்காரர் இடது கட்டைவிரலை நீட்டிவிட்டுச் சுவரையே பார்க்கிறார். கத்திரி விரல்நுனியைக் கொண்டுபோய்ப் பத்து நாள். இன்றும் சதை வளரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தையல்காரர் தினமும் கட்டைப் பிரித்துப் பார்த்துக் கிளறுகிறவர் என்பதால் நர்ஸ் கட்டின் மேலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள். அது கலையவில்லை. "தொடலையே?" "வீட்டுக்காரி தூங்கவே இல்ல சிஸ்டர், காவல் காத்தா." உப்புநீரில் நனைந்த துணி மெல்ல உரிகிறது. அடியில் மாதுளை முத்துகளாகச் சிவப்பு. பஞ்சால் ஒற்றியதும் ஒரு துளி ரத்தம் எழுகிறது. அவர் சுவரைப் பார்த்தபடியே ஓரக்கண்ணால் கவனித்துவிடுகிறார். "ரத்தம் வருதே." "வரணும்ணே. உயிருள்ள சதைதான் ரத்தம் விடும். வெட்ட வேணாம்னு டாக்டரே சொல்வாரு பாருங்க. நான் கட்டுனதோட சரி, வளர்த்தது உங்க உடம்பு." அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கிறார். "அப்ப ஊசி பிடிக்கலாம்," என்கிறார். அது கேள்வி இல்லை.