பொழுதை யாருக்குக் கொடுப்பது?

"நாம ரெண்டு பேரும் இருக்கிற வரைக்கும் இத மூடவே கூடாது லா. சத்தியம் பண்ணு."

"சத்தியம் பண்ண, கல்யாணமா பண்ணிக்கப் போறோம்? சாஃப்ட்வேர்தானே!"

மலேசியாவின் காம்பார் ஊர்க் காப்பிக்கடையில் அன்று புனிதா கேட்ட சத்தியமும், தான் அடித்த கிண்டலும் தனேஸ்வரனுக்கு நினைவு வந்தன. அப்போது இருவருக்கும் இளம் வயது, ஈப்போவில் ஒரே அலுவலகம். தமிழ்நாட்டு நாட்காட்டியில் உள்ள ராகு காலத்தையே இங்குள்ள கோயில்களும் பார்க்கின்றனவே என்று, மலேசியச் சூரிய உதயத்துக்குக் கணக்குப் போட்டுச் சொல்லும் 'பொழுது' என்ற மென்பொருளை எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

உதவிக்கு ஒரு கூட்டமே இருந்தது. கைப்பேசியில் விதவிதமான செயலிகள் வந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இவர்கள் இருவர்தான். ஞாயிறு மாலை போனில் கூட்டம். வேறு எதற்கும் புனிதா அவரிடம் பேசுவதில்லை.

அந்தக் குரலுக்காகவே வாரம் முழுவதும் காத்திருப்பார். பேச ஆளில்லாமல், செய்தி வாசிப்பவருக்கே பதில் சொல்லிப் பழகிவிட்டது. இன்றும் மணி அடித்ததும் டிவியை அணைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"நம்ம பழைய கூட்டத்துல இருந்த சுகுமாரன் அண்ணே கோலாலம்பூர்லேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காரு. பொழுத அவர்கிட்டயே கொடுத்துடலாம். நம்ம வேலையும் முடிஞ்சிடும்," என்றாள் புனிதா.

"என்ன அவசரம் லா? பத்து காஜா ஊர்த் தோட்டத்துக் கோயில்ல இன்னும் இததான் பாக்குறாங்க."

"அந்தக் கோயில் தலைவர்தான் நேத்து என்னை ஏசினாரு! திருவிழாக் கூட்டத்தையே ராகு காலத்துல ஆரம்பிச்சு வச்சிருக்காங்க. ஏன்னு பாத்தா, இந்தியாவுக்குப் போடுற கணக்கு ஓடுது."

"ஏதோ சின்னத் தப்பு..."

"இந்தத் தப்பைத் திருத்தத்தானே பொழுதே எழுதினோம்? அதையே திரும்ப உள்ள வச்சிருக்கீங்க. யாரு எப்ப மாத்தினதுன்னு அதுலயே பதிவாகுமே, மறந்துட்டீங்களா? மாசா மாசம் ஒரு தப்பு. வேணும்னேதானே?"

வெளியே மழை வலுத்தது. போனுக்குள்ளும் அதே இரைச்சல்.

"தப்பு இல்லன்னா கூட்டம் உடனே முடிஞ்சிடுது, புனிதா. 'வேற ஒண்ணும் இல்லையே'ன்னு போனை வச்சிடுற."



"கொடுக்கலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க," என்றாள்.

கொடுத்தால் இந்தக் குரலும் போய்விடும். கொடுக்காவிட்டால், நம்பியிருக்கும் கோயில்காரர்களை ஏமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

"கொடுத்துடு," என்றார்.

"சரி. அப்ப அடுத்த ஞாயிறு கூப்பிட மாட்டேன்."

போன் அடங்கியது. தனேஸ்வரன் அதைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, ஹாலைக் கடந்து, மகள் வெளிநாடு போன நாளில் போட்ட சண்டைக்குப் பிறகு அவர் தொடாத பின்னறைக் கதவைத் தட்டினார்.

"புனிதா, உன் புருஷன்தான் லா. வேலை ஒண்ணும் இல்ல... கதவத் திறயேன், சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம்."