தையல்காரம்மாவின் ஒரு வாக்கியம்

“பத்து வருஷம் கழிச்சு என்ன நடக்கும்? ஆளுக்கு ஒரு வாக்கியம், இங்கிலீஷ்ல!” என்றாள் டீச்சர்.

பெரியவர்களுக்கான மாலை ஆங்கில வகுப்பு களைகட்டியது. பறக்கும் கார் ஓட்டுவேன் என்றார் டிரைவர். வெங்காயம் உரிக்க ரோபோ வரும் என்றார் சமையல்காரர்.

கடைசி பெஞ்சிலிருந்து தையல்காரம்மா எழுந்தாள். கண்கள் சிவந்திருந்தன. திக்கித் திணறி ஆங்கிலத்தில் சொன்னாள்: “அவன் ஜெயிலிலிருந்து வெளியே வருவான்.”

சிரிப்பு அடங்கியது. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை.

“அழாதீங்கம்மா. ஒழுங்கா நடந்துக்கிட்டா முன்னாடியே விட்டுடுவாங்க. உங்க பையன் சீக்கிரமே வந்துடுவான் பாருங்க.”

“வாயை மூடும்மா!” பெஞ்சில் ஓங்கி அறைந்தாள் தையல்காரம்மா. “அவன் என் பையன் இல்ல. என் பையனைக் குத்திக் கொன்னவன்!”

அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“கோர்ட்டுல எல்லாம் இங்கிலீஷ். அவனுக்காக அத்தனை பேர் பேசுனாங்க. நான் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இப்ப முன்கூட்டியே விடச் சொல்லி மனு போட்டிருக்கான். அடுத்த மாசம் கோர்ட்டுல என் கருத்தையும் கேப்பாங்க.”

டீச்சரின் கைக்குள் சாக்பீஸ் நொறுங்கியது.

“விடக்கூடாதுன்னு என் வாயால நானே சொல்லணும். அதை இங்கிலீஷ்ல சொல்லிக்குடு.”